ஒரே சாலையில் 11 சிப்ஸ் கடைகள்: முற்றுரிமைப் போட்டி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்லும் பாதையில், சுற்றுலா வேன்கள் தேநீருக்காக நிற்கும் ஒரு பகுதியில், ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் வறுத்து விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. 2019இல் அங்கே 4 கடைகள் இருந்தன. கொரோனா காலத்தில் அவற்றுள் இரண்டு மூடப்பட்டுப் பின்னர் திறந்தன. 2024இல் கடைகளின் எண்ணிக்கை 9 ஆயிற்று. அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டதும், கூட்டம் பெருகும் என்ற எதிர்பார்ப்பில் மேலும் இரண்டு கடைகள் வந்து சேர்ந்தன.

இத்தொழிலில் நுழைவது எளிது. ஓர் அடுப்பு, ஓர் உருளி, சீவுகட்டை, கண்ணாடிப் பெட்டி, சாலையோரத்தில் பத்தடி முகப்பு ஆகியவை போதும். தோல் சீவிய காயை மஞ்சள் நீரில் போட்டுக் கறை நீக்கி, கொதிக்கும் எண்ணெய்க்கு மேலேயே சீவுகட்டையைப் பிடித்து நேராக உருளிக்குள் சீவி, வேகும்போது உப்புநீர் தெளிக்கும் மாஸ்டர் ஒருவர் கிடைத்துவிட்டால் கடை தொடங்கிவிடும். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்த சிறு கடைகளுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும் பெரிய தடையாக இருந்ததில்லை.

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பது அவ்வரிசையின் பழைய கடைகளுள் ஒன்று. நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண்மணி அதை நடத்துகிறார். அவருடைய கணவரே மாஸ்டர். இதை முதல் கடை என்று குறிப்பிடுகிறேன். அதன் இருபுறமும் உள்ள இரண்டு கடைகளும் இதில் பங்கேற்றன. நல்லமிளகு தூவிய மெல்லிய சிப்ஸுக்குப் பெயர் பெற்றது ஒன்று. வெல்லப் பாகில் புரட்டிய ஏத்தங்காய் வறுவலான சர்க்கரை உப்பேரிக்காக வெளியூரிலிருந்தும் ஆள் வரும் கடை மற்றொன்று. கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு சிறு வணிகர்களின் வரவுசெலவைப் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் எனக்கு உண்டு. அந்த வகையில் 2025இன் தொடக்கத்தில் முதல் கடையின் கணக்கேடு என்னிடம் வந்தது. உரிமையாளரின் கேள்வி ஒன்றுதான்: விலையைக் குறைக்கவில்லை, சரக்கும் மோசமாகவில்லை, பிறகு ஏன் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை?

கணக்கில் தெரிந்தவை

2019இல் முதல் கடை நாளொன்றுக்குச் சராசரியாக 40 கிலோ சிப்ஸ் விற்றது. 2024இன் சராசரி 18 கிலோ. இரண்டு உருளிகளும் முழுநேரம் ஓடினால் 60 கிலோ வரை வறுக்க முடியும். ஆக, திறனில் மூன்றில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை.

2024ஆம் ஆண்டின் செலவைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு கிலோ சிப்ஸுக்கு ஏறக்குறைய 4 கிலோ காய் தேவைப்பட்டது. அதற்கு 152 ரூபாய். வறுக்கும்போது உறிஞ்சப்படும் தேங்காய் எண்ணெய் சுமார் 270 கிராம், அப்போதைய ஆலை விலையில் 57 ரூபாய். எரிபொருள், உப்பு, மஞ்சள், உறை எல்லாம் சேர்த்து 21 ரூபாய். ஆக, கூடுதலாக ஒரு கிலோ வறுப்பதற்கான இறுதிநிலைச் செலவு 230 ரூபாய். விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தே தீர வேண்டிய வாடகை, மாஸ்டர் கூலி, உதவியாளர் கூலி, மின்கட்டணம் ஆகியவை மாதம் 57,000 ரூபாய். கணவர் வேறு கடையில் மாஸ்டராக நின்றால் பெறக்கூடிய கூலியும் இதில் அடக்கம். அதைச் செலவாக எழுதும் பழக்கம் அந்தக் குடும்பத்துக்கு அதுவரை இருந்ததில்லை.

மாதத்துக்கு 26 விற்பனை நாட்கள் என்று கொண்டால் 2024இல் மாத விற்பனை 468 கிலோ. நிலைச்செலவைக் கிலோவுக்குப் பிரித்தால் 122 ரூபாய். அதனோடு 230ஐக் கூட்டினால் சராசரிச் செலவு 352 ரூபாய். விற்பனை விலையோ 360 ரூபாய். இதே செலவில் 2019இன் அளவுக்கு 40 கிலோ விற்றிருந்தால் சராசரிச் செலவு 285 ரூபாயாக இருந்திருக்கும்.

பாடப்புத்தகத்தில் முற்றுரிமைப் போட்டியின், அதாவது ஒரே வகைச் சரக்கைச் சிறு வேறுபாடுகளோடு பலர் விற்கும் சந்தையின், நீண்டகாலச் சமநிலையை விளக்கும்போது வரையப்படும் படத்தின் எல்லாக் கூறுகளும் இந்தக் கணக்கேட்டில் இருந்தன. விலை சராசரிச் செலவை ஒட்டி நிற்கிறது. எனவே இயல்பு இலாபத்துக்கு, அதாவது சொந்த உழைப்பின் மதிப்பு உட்பட எல்லாச் செலவையும் ஈடுகட்டும் அளவுக்கு, மேல் எதுவும் இல்லை. ஆனால் அதே விலை இறுதிநிலைச் செலவைவிட 130 ரூபாய் அதிகம். சராசரிச் செலவு தன் தாழ்ந்த புள்ளியை அடைவதற்கு வெகு முன்னரே உற்பத்தி நின்றுவிடுகிறது. 1933இல் ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லினும் கேம்பிரிட்ஜில் ஜோன் ராபின்சனும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து இந்தச் சித்திரம் வளர்ந்தது. தன் சரக்குக்கு ஒரு சிறு தனித்தன்மை உள்ள ஒவ்வொரு விற்பனையாளரும் தன் வாடிக்கையாளர் வட்டத்துக்குள் ஒரு குட்டி முற்றுரிமையாளர்; ஆனால் அடுத்த கடை திறப்பதை அவரால் தடுக்க முடியாது. இலாபம் இருக்கும்வரை கடைகள் வந்துகொண்டே இருக்கும். வரும் ஒவ்வொரு கடையும் இருப்பவர்களின் வாடிக்கையாளர்களில் சிலரை எடுத்துக்கொள்ளும்.

அந்தப் பகுதியின் பெரும்பாலான கடைகளுக்குக் களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஏத்தங்குலை இறக்கும் வியாபாரி ஒருவர், தம் குறிப்பேட்டைக் காட்ட இசைந்தார். 2019க்கும் 2024க்கும் இடையில் கடைகள் 4லிருந்து 9 ஆயின. அவர் இறக்கிய சரக்கோ ஏறக்குறைய கால் பங்குதான் கூடியிருந்தது. புதிய கடைகளின் விற்பனையில் பெரும்பகுதி பழைய கடைகளிலிருந்து இடம் மாறியது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. பொருளியலில் இதை வாடிக்கைப் பறிப்பு விளைவு என்று சொல்லலாம். புதிதாக வருபவர் தமக்குக் கிடைக்கும் வருவாயைப் பார்த்துக் கடை திறக்கிறார். பக்கத்துக் கடையின் உருளி காலியாவது அவர் கணக்கில் வருவதில்லை.

கடைகள் பெருகியது வீண்தானா

இவ்வளவோடு நிறுத்தினால், 9 கடைகளும் வீண், 4 போதும் என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். உரிமையாளரும் முதலில் அப்படித்தான் சொன்னார். ஆனால் நுகர்வோரின் பக்கத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. 2019இல் இருந்த 4 கடைகளும் ஏறத்தாழ ஒரே கனமான மஞ்சள் சிப்ஸையே விற்றன. மிளகு சிப்ஸும், பழுக்கத் தொடங்கிய ஏத்தனில் வறுக்கும் இனிப்புச் சிப்ஸும், ஆண்டு முழுவதும் கிடைக்கும் சர்க்கரை உப்பேரியும் புதிய கடைகளோடு வந்தவை. முன்பு சர்க்கரை உப்பேரி வேண்டுமென்றால் ஓணம் வரை காத்திருக்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மாவட்டம் என்பதால் இங்கே ஓணத்துக்கு இன்றும் உள்ளூர் விடுமுறை உண்டு. உப்பேரியின் காலமும் அதுதான்.

வகை பெருகும்போது, தன் விருப்பத்துக்குச் சரியாக அமைந்த பொருளைப் பெறும் நுகர்வோருக்கு ஒரு கூடுதல் பயன் உண்டு. அது விற்பனையாளரின் கல்லாவில் முழுவதும் விழுவதில்லை. அவினாஷ் தீட்சித்தும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 1977இல் வெளியிட்ட கணித மாதிரி இந்த இரண்டு விசைகளையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டியது: வகையின் முழுப் பயனும் விற்பவருக்குச் சேராததால் சந்தை குறைவான வகைகளைத் தர வாய்ப்புண்டு, வாடிக்கைப் பறிப்பினால் மிகையான வகைகளைத் தரவும் வாய்ப்புண்டு. எது மேலோங்கும் என்பது ஒவ்வொரு சந்தையின் தன்மையைப் பொறுத்தது. காலியாக நிற்கும் உருளியை மட்டும் பார்த்து வீண் என்று தீர்ப்பளிக்க முடியாது என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

ஆகவே 2024இல் இருந்த 9 கடைகளின் பலகைகளையும் சரக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். உண்மையிலேயே வேறுபட்ட சரக்கு 4 அல்லது 5 கடைகளில்தான் இருந்தது. மற்றவற்றின் வேறுபாடு பலகையின் நிறத்திலும், ‘ஒரிஜினல்’, ‘பழைய’, ‘பாரம்பரிய’ போன்ற அடைமொழிகளிலும், வேன் ஓட்டுநருக்குக் கொடுக்கும் கமிஷனிலும் அடங்கியிருந்தது. கமிஷன் என்பது அந்த வேனில் வந்தவர்கள் வாங்கும் தொகையில் 15 விழுக்காடு வரை சென்றது. முதல் கடை கமிஷன் கொடுப்பதில்லை. வேன்கள் அதன் முன்னே நிற்காததற்கு அதுவே காரணம். சேம்பர்லின் விற்பனைச் செலவு என்று தனியே பிரித்துப் பேசியது இதைத்தான். விளம்பரத்தில் ஒரு பகுதி நுகர்வோருக்குத் தகவல் தரலாம். கமிஷன் அப்படி எதையும் தருவதில்லை. எந்தக் கடை நன்றாக இருக்கிறதோ அங்கே நிறுத்த வேண்டிய வேன், எந்தக் கடை அதிகம் கொடுக்கிறதோ அங்கே நிற்கிறது. அந்தச் செலவு விலையில் ஏறிப் பயணியின் பையிலிருந்து வெளியே வருகிறது.

2025: எண்ணெய் விலையும் பலகையும்

2025இல் தேங்காய் எண்ணெயின் விலை மாதந்தோறும் ஏறி, ஆண்டின் நடுப்பகுதியில் கிலோவுக்கு 400 ரூபாயைக் கடந்தது. அந்த ஆண்டு மே மாத இறுதியில் மத்திய அரசு கச்சா பாமாயில் உள்ளிட்ட எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தது. இரண்டு எண்ணெய்களுக்கும் இடையிலான விலை இடைவெளி அதுவரை காணாத அளவுக்கு விரிந்தது. முதல் கடையின் கணக்கில், ஒரு கிலோ சிப்ஸுக்கான எண்ணெய்ச் செலவு 57 ரூபாயிலிருந்து 111 ரூபாய் ஆயிற்று. பாமாயிலுக்கு மாறினால் அது 35 ரூபாய்தான்.

வரிசையிலிருந்த 11 கடைகளின் பலகைகளிலும் ‘சுத்தமான தேங்காய் எண்ணெயில் தயாரிக்கப்பட்டது’ என்ற வரி அப்படியே இருந்தது. பின்கட்டில் இறங்கிய எண்ணெய் டின்கள் அப்படி இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு வாசனையிலும் நாவிலும் வேறுபாடு தெரிந்துவிடும். ஒரு முறை ஏமாந்தால் மறுமுறை வரமாட்டார்கள். வடமாநிலத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து ஒரே ஒருமுறை வாங்கிச் செல்லும் பயணிக்கு அந்தத் தேர்வுக்கு வாய்ப்பே இல்லை. “போர்டில எல்லாரும் தேங்காய் எண்ணெய்னுதான் எழுதிப் போட்டிருக்கு. வண்டில வாறவன் எதைப் பாத்து நம்புவான், சார்?” என்று உரிமையாளர் கேட்டார்.

முதல் கடை ஜூன் மாதம் விலையை 420 ரூபாயாக உயர்த்தியது. விற்பனை 14 கிலோவாகச் சரிந்தது. மாதம் 364 கிலோ, இறுதிநிலைச் செலவு போகக் கிலோவுக்கு 136 ரூபாய் வீதம் கிடைத்த மிகுதி 49,500 ரூபாய். நிலைச்செலவுக்கே 7,500 ரூபாய் குறைந்தது. கமிஷன் கொடுத்த கடைகள் பாமாயிலில் வறுத்ததைத் தேங்காய் எண்ணெய்ச் சரக்கென்று 440 ரூபாய்க்கு விற்றன.

முன்வைக்கப்பட்ட யோசனைகள்

ஜூலையில் 7 கடைக்காரர்கள் ஓர் இடத்தில் கூடினார்கள். மூத்த கடைக்காரர் ஒருவர் முன்வைத்த திட்டம் இரண்டு பகுதிகளைக் கொண்டது: யாரும் 450 ரூபாய்க்குக் கீழே விற்கக் கூடாது, அந்தப் பகுதியின் நிலச் சொந்தக்காரர்களிடம் பேசி இனிமேல் புதிய சிப்ஸ் கடைக்கு இடம் கொடுக்கவிடாமல் செய்ய வேண்டும். பலருக்கும் இது நியாயமாகவே பட்டது. “எல்லாரும் பிழைக்கணும்லா” என்பதே அங்கே மீண்டும் மீண்டும் கேட்ட வாதம்.

நான் இரண்டு காரணங்களைச் சொல்லி மறுத்தேன். முதலாவது சட்டம். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரே தொழிலில் உள்ளவர்கள் விலையைத் தங்களுக்குள் பேசி நிர்ணயிப்பதையும் சந்தையை வரம்பிடுவதையும் போட்டிக்குக் கேடானவை என்று அனுமானித்துக்கொள்கிறது. கடைகள் சிறியவை என்பதால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். அது நடைமுறைக் கணிப்பாக இருக்கலாம், அனுமதி ஆகாது.

இரண்டாவது காரணத்தை விளக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. விலையை மட்டும் கட்டிவைத்தால் போட்டி நின்றுவிடாது; வேறு வழியில் ஓடும். கிலோவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் பணம் எல்லாக் கடைகளுக்கும் கமிஷனை உயர்த்தும் வலிமையைக் கொடுக்கும். 15 விழுக்காடு 20 ஆகும், 25 ஆகும். அதையும் மீறி இலாபம் மிஞ்சினால், அந்த நிலச் சொந்தக்காரர்களிடம் இடம் கிடைக்காதவர் அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கடை போடுவார். விலை உயர்ந்திருக்கும், உருளிகள் இன்னும் காலியாக இருக்கும், கையில் மிஞ்சுவது பழையபடியே இருக்கும். நட்டம் முழுவதும் வாங்குபவருக்கும், ஆதாயம் வேன் ஓட்டுநருக்கும் போய்ச் சேரும். கமிஷன் கொடுத்துப் பழகிய கடைக்காரர்கள் இருவர் இதை உடனே ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு இது ஊகமாகத் தோன்றவில்லை.

சத்தமில்லாமல் பாமாயிலுக்கு மாறிவிடுவது முதல் கடையின் முன் இருந்த மற்றொரு வழி. உரிமையாளரின் மைத்துனர் அதைத்தான் வற்புறுத்தினார். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம், 2006 தவறான அடையாளமிட்ட உணவுக்கு 3 லட்சம் வரையும் ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடம் தருகிறது என்பதை அவரிடம் சொன்னேன். உரிமையாளரைத் தடுத்தது அதுவன்று. காலையில் நடந்து வந்து வாங்கும் சுற்றுவட்டார வாடிக்கையாளர்களின் முகம்.

எடுத்த முடிவு

கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. ஆனால் முதல் கடையும், மிளகுக் கடையும், உப்பேரிக் கடையும் தனியே பேசி மூன்று முடிவுகளை எடுத்தன.

ஒன்று, சரக்கை இரண்டாகப் பிரித்து இரண்டையும் வெளிப்படையாக விற்பது. முதல் கடையில் தேங்காய் எண்ணெயில் வறுத்தது 440 ரூபாய். பாமாயிலில் வறுத்தது 330 ரூபாய். பலகையில் எழுதியதோடு நிற்காமல், ஒவ்வொரு பில்லிலும் எந்த எண்ணெய் என்பதை எழுதிக் கொடுப்பது. எண்ணெய் வாங்கிய ஆலையின் ரசீதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது. பலகையில் பொய் எழுதுவது மலிவு. வாங்குபவரின் கையில் எழுத்து மூலம் பொய்யைக் கொடுத்து அனுப்புவது அவ்வளவு மலிவானதல்ல, ஏனெனில் புகார் வந்தால் அதுவே சாட்சி. உண்மையாக விற்பவருக்குச் செலவில்லாததும், பொய்யாக விற்பவருக்கு ஆபத்தானதுமான ஓர் அடையாளம் வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

இரண்டு, மூன்று கடைக்கும் பொதுவாகப் பின்புறம் ஒரு வறுகொட்டகை. மூன்று மாஸ்டர்களுக்குப் பதில் இருவர். மூன்று உதவியாளர்களுக்குப் பதில் இருவர். கொட்டகை வாடகை 6,000 ரூபாய் போக, மாதம் சுமார் 35,000 ரூபாய் மிச்சமாகும் என்று கணக்கிட்டோம். உற்பத்தித் திறனைக் கூட்டும் கூட்டு முயற்சிகளுக்குப் போட்டிச் சட்டத்தின் அதே 3ஆம் பிரிவில் விலக்கு உண்டு. எனினும் விற்பனை விலையை ஒவ்வொரு கடையும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும் என்பதை எழுதியே வைத்துக்கொண்டார்கள். உப்பேரிக் கடை தொடக்கத்திலேயே பாமாயில் சிப்ஸை 320 ரூபாய்க்கு விற்றது; அதைப் பற்றி மற்ற இருவரும் முணுமுணுத்தாலும் தலையிடவில்லை.

மூன்று, உடைசலைத் தனியே பொட்டலமிட்டு மாலையில் குறைந்த விலைக்குக் கொடுப்பது. முன்பு அது சேதாரமாகப் போய்க்கொண்டிருந்தது. 440 ரூபாய் கொடுக்க இயலாத, ஆனால் ஆக்கும் செலவுக்கு மேல் கொடுக்க ஆயத்தமாக இருக்கும் வாங்குபவர்கள் சந்தைக்கு வெளியே நிற்பதுதான் விலைக்கும் இறுதிநிலைச் செலவுக்கும் இடையிலான இடைவெளியால் வரும் நலஇழப்பு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் பத்து ரூபாய்ப் பொட்டலம் அந்த இழப்பின் ஒரு சிறு பகுதியை மீட்டது.

நடந்தவை

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை முதல் கடையின் நாள் விற்பனை சராசரியாக 17 கிலோ: தேங்காய் எண்ணெய்ச் சரக்கு 8, பாமாயில் சரக்கு 9. செப்டம்பர் 5 அன்று வந்த திருவோணத்துக்கு முந்தைய நாட்களின் கூட்டத்தை இந்தச் சராசரியில் சேர்க்கவில்லை. மாதந்தோறும் நிலைச்செலவு போக ஏறக்குறைய 16,000 ரூபாய் மிஞ்சியது. தேங்காய் எண்ணெய்ச் சரக்கை வாங்கியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களும், வெளியூரிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்புபவர்களும்தான். பயணிகள் இரண்டு விலையையும் பார்த்துக் காரணம் கேட்டு, பெரும்பாலும் மலிவானதை வாங்கினார்கள். முன்பு அதே பாமாயில் சிப்ஸுக்குத் தேங்காய் எண்ணெய்ப் பெயரில் 440 கொடுத்தவர்கள் இப்போது அறிந்தே 330 கொடுத்தார்கள். இந்த நிகழ்வில் நுகர்வோர் உபரி, அதாவது வாங்குபவர் கொடுக்க ஆயத்தமாக இருக்கும் தொகைக்கும் கொடுக்கும் விலைக்கும் உள்ள வேறுபாடு, மிகத் தெளிவாகக் கூடியது இந்த ஓர் இடத்தில்தான்.

ஓணம் முடிந்த சில வாரங்களில் வேறு மூன்று கடைகள் இரண்டு விலைப் பலகையை வைத்தன. அவற்றுள் இரண்டு பில்லிலும் எழுதத் தொடங்கின, மூன்றாவது எழுதவில்லை. அந்த ஒரு வரியை எழுதத் தயங்கியதே அங்கு வந்தவர்களுக்குப் போதுமான தகவலாக இருந்தது. போட்டியாளர்கள் பார்த்துச் செய்ததால் முதல் கடையின் மிகுதி டிசம்பருக்குள் மீண்டும் சுருங்கியது. இதைத் தோல்வி என்று உரிமையாளர் கருதினார்; நான் அப்படிக் கருதவில்லை. வரிசையில் உள்ள 11 கடைகளில் ஐந்தாறு கடைகள் எண்ணெயைப் பற்றி உண்மை சொல்லும் நிலை வந்தது வாங்குபவர்களுக்கு ஆதாயம்; அதற்கான விலையை முதல் கடை தன் தற்காலிக இலாபத்தில் கொடுத்தது.

பொது வறுகொட்டகை எதிர்பாராத இடத்தில் இடறியது. இரண்டு மாஸ்டர்களும் மூன்று கடைக்கும் சேர்த்து வறுத்ததில், சீவலின் கனமும் உப்பின் அளவும் மெல்ல மெல்ல ஒன்றாகிவிட்டன. மெல்லிய சீவலுக்காகவே மிளகுக் கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் குறையத் தொடங்கினார்கள். மூன்று கடையிலும் ஒரே சரக்குதான் என்ற பேச்சு வாடிக்கையாளர்களிடையே பரவியது. நவம்பரில் மிளகுக் கடைக்காரர் முதல் கடை உரிமையாளரிடம் நேரடியாகவே சொன்னார்: “எக்கா, நல்லமொளவு தூவுறது மட்டும்தான் வித்தியாசம்னா, பிறகு எனக்கு எதுக்குத் தனிக் கடை?”

அவர் கேட்டது நியாயம். அளவில் கிடைக்கும் சிக்கனமும் வகையில் கிடைக்கும் பயனும் ஒன்றையொன்று தின்னும் என்பதை வகுப்பில் சமன்பாட்டில் எழுதிக் காட்டுவோம். இங்கே அது மூன்று மாதத்தில் மாஸ்டரின் கைப்பழக்கம் வழியாக நடந்தது. ஐயப்ப சீசன் சூடுபிடிப்பதற்கு முன் ஏற்பாட்டை மாற்றினார்கள். காய், எண்ணெய் கொள்முதலும், தோல் சீவுவதும், சரக்கறையும் பொதுவில் தொடர்ந்தன. வறுப்பது மட்டும் அவரவர் கடைக்குத் திரும்பியது. மிச்சம் மூன்றில் ஒரு பங்காக, கடைக்கு மாதம் சுமார் 4,000 ரூபாயாகக் குறைந்தது. மிளகுக் கடையின் பழைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலோர் திரும்பினார்கள்; எல்லோரும் அல்லர்.

2026 ஜனவரியில் சீசன் முடிந்தபோது வரிசையில் 9 கடைகள் இருந்தன. கண்ணாடிப் பாலத்தை நம்பி வந்த இரண்டில் ஒன்றும், பெரிய பலகையும் கமிஷனுமாக நடந்த பழைய கடை ஒன்றும் மூடப்பட்டிருந்தன. கமிஷன் ஒழியவில்லை. முதல் கடையே டிசம்பர் நடுவில் இரண்டு வேன் ஓட்டுநர்களுக்கு 5 விழுக்காடு கொடுக்கத் தொடங்கியது. சீசனில் வேன் நிற்காத கடைக்கு 9 கிலோ பாமாயில் சரக்கை விற்க வழியில்லை என்பது உரிமையாளரின் விளக்கம். தேங்காய் எண்ணெய் விலை உச்சத்திலிருந்து சற்றே தணிந்தாலும் பழைய நிலைக்கு இறங்கவில்லை.

யாருக்கு என்ன ஆனது

வாங்குபவர்களுள் பயணிகளே அதிகம் பெற்றார்கள். உள்ளூர்க்காரர்களுக்குத் தேங்காய் எண்ணெய்ச் சரக்கின் விலை உயர்ந்தது, ஆனால் அது எண்ணெயின் விலை. கடைக்காரர்கள் மூவரும் மூடாமல் தப்பினார்கள். இயல்பு இலாபத்துக்கு மேல் நிலையான எதையும் அவர்கள் பெறவில்லை, தடையற்ற நுழைவு உள்ள சந்தையில் அதைப் பெறவும் முடியாது.

கணக்கில் எளிதில் விடுபடுபவர் ஒருவர் உண்டு. பொதுக் கொட்டகை வந்தபோது வேலை இழந்த மாஸ்டர், உப்பேரிக் கடையில் பல ஆண்டுகள் நின்றவர். நாம் சிக்கனம் என்று எழுதிய 35,000 ரூபாயில் பெரும்பகுதி அவருடைய கூலியும் ஓர் உதவியாளரின் கூலியும்தான். அவர் திருவனந்தபுரத்தில் ஒரு பேக்கரிக்குப் போய்விட்டார். வறுப்பது கடைகளுக்குத் திரும்பிய பிறகு அழைத்தும் வரவில்லை. உப்பேரிக் கடையில் இப்போது பாகின் பதம் பழையபடி அமையவில்லை என்பதை அந்தக் கடைக்காரரே ஒப்புக்கொள்கிறார்.

மாற்ற வேண்டியவை

இதே நிலையில் இன்னொரு வரிசைக்கு ஆலோசனை சொல்வதாக இருந்தால், பொதுவாக்கும் வேலையை வாங்குபவரின் நாவுக்கு எட்டாத கட்டங்களோடு, அதாவது கொள்முதல், தோல் சீவல், சரக்கறை, உறையிடல் ஆகியவற்றோடு தொடங்கி அங்கேயே நிறுத்தச் சொல்வேன். வறுப்பதைத் தொடுவதற்கு முன் எந்தக் கடையின் வாடிக்கையாளர் எதற்காக அங்கே வருகிறார் என்பதை ஒரு மாதமாவது கேட்டு எழுத வேண்டும்.

எண்ணெயின் பெயரைப் பில்லில் எழுதும் வழக்கத்தை மூன்று கடைகள் தொடங்குவதற்குப் பதிலாக, முதல் கூட்டத்துக்கு வந்த 7 கடைகளிடமும் கேட்டிருக்கலாம். விலை பற்றிய உடன்பாடு சட்டத்துக்கு முரண்; உண்மையான விவரம் தருவது பற்றிய உடன்பாடு அப்படியன்று. அன்று விலைப் பேச்சை மறுப்பதிலேயே நேரம் போய்விட்டது. பொட்டலமிட்ட சரக்குக்கு விலையும் எடையும் தயாரித்தவர் விவரமும் அச்சிட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொதியிட்ட பொருள் விதிகள் சொல்வதையும் அந்தப் பேச்சோடு இணைத்திருந்தால், பெரும்பாலான கடைகள் ஒரே அச்சகத்தில் ஒரே செலவில் முடித்திருக்கும்.

கமிஷனுக்கு ஒரு கடை மட்டும் தனியே விடை காண முடியாது. கொடுக்காத கடை இழக்கும், எல்லோரும் கொடுத்தால் யாருக்கும் ஆதாயம் இல்லை. அடுத்த சீசனுக்கு முன் மூன்று கடைகளும் ஒரு சோதனை செய்ய இருக்கின்றன: வரிசையின் தொடக்கத்திலேயே கடைகளின் இரண்டு விலைகளையும் எழுதிய ஒரு பொதுப் பலகை. வேன் எங்கே நின்றாலும் இறங்குபவர் விலையைப் பார்த்திருப்பார். பலகைக்கு இடம் கொடுக்க ஒரு தேநீர்க் கடைக்காரர் ஒப்புக்கொண்டுள்ளார். 9 கடைகளில் 5 தங்கள் விலையை எழுத இசைந்துள்ளன. மற்ற 4 கடைகளின் வரிகளை வெறுமையாக விட்டே பலகையைத் தொங்கவிடுவது என்று முடிவாகியிருக்கிறது.